இடது வளைவில் மட்டும் பின்பக்கம் விலகும் எம்ஜிபி: பிழை எங்கே இருக்கிறது?

கேள்வி: வெள்ளவத்தைக் கடலோரம்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1970 ஆம் ஆண்டு எம்ஜிபி என்ற பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. துணிக்கூரை, குரோம் பம்பர், கம்பிச் சில்லுகள். மாமாவிடமிருந்து என் கைக்கு வந்து நான்கு ஆண்டுகளாகின்றன. ஞாயிறு காலையில் கடலோரமாக ஒரு சுற்று ஓட்டுவதோடு நிறுத்திக்கொள்வதால், அதன் குணத்தை நான் முழுமையாக அறிந்திருக்கவில்லை என்பதைக் கடந்த மாதம் ஹற்றன் போய்த் திரும்பியபோதுதான் உணர்ந்தேன்.

கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலைப் பக்கமாக இறங்குகையில், வலது வளைவுகளில் கார் அடக்கமாகவே ஓடியது. இடது வளைவுகளில் அப்படியல்ல. வளைவின் நடுவில் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்த அந்தக் கணத்தில், பின்பக்கத்தை யாரோ தோளால் இடித்து வெளியே தள்ளியதுபோல் கார் விலகியது. மழை இல்லை, வேகமும் மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் இல்லை. மூன்றாவது தடவை அப்படி நடந்த பிறகு, அருகில் இருந்த என் மனைவி கித்துல்கலை வரும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை.

கார் நிற்கும்போதே வலப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கிறது. சீமெந்துத் தரையில் நிறுத்தி, சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை அளந்து பார்த்தேன். இடப்பக்கத்தை விட வலப்பக்கம் பின்னால் 18 மில்லிமீற்றரும் முன்னால் 9 மில்லிமீற்றரும் குறைவாக இருக்கின்றன.

சென்ற ஆண்டு ஒரு கராஜில் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் இரண்டையும் புதிதாக மாற்றினேன். அதன்பின் ஸ்டியரிங் சற்று வலப்பக்கம் திரும்பியபடியே நேராக ஓடியதால் வேறோர் இடத்தில் அலைன்மென்ட் செய்வித்தேன். ஸ்டியரிங் நேரானது, வேறு எதுவும் மாறவில்லை. இப்போது ஒரு பாஸ் (மெக்கானிக்) முன் வலது ஷொக் அப்சோபர் ஒழுகுகிறது என்கிறார், இன்னொருவர் ரயர் நான்கையும் மாற்றச் சொல்கிறார், மற்றொருவர் மீண்டும் அலைன்மென்ட் செய்யச் சொல்கிறார். பொருள்களை இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வேண்டியிருப்பதால், எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்கும் வசதி எனக்கில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

பதில்: கொட்டாஞ்சேனை மைனர்

தம்பி, நான் முப்பது வருடமாக மொறிஸ் மைனர் வைத்திருப்பவன். உங்களுடைய கார் ஸ்போர்ட்ஸ் கார் என்றாலும், முன்பக்கத்தைப் பொறுத்தவரை என்னுடைய மைனருக்கு நெருங்கிய உறவுதான். இரண்டிலும் ஷொக் அப்சோபர் என்பது இப்போதைய கார்களில் உள்ளதுபோல நீண்ட குழாய் அல்ல. ஒயில் நிரப்பிய இரும்புப் பெட்டியும் அதிலிருந்து வெளியே நீளும் கையுமே ஷொக். அந்தக் கைதான் சில்லை மேலே தாங்கிப் பிடிக்கும் மேற்கரமாகவும் வேலை செய்கிறது. ஆகவே அதன் தண்டு தேய்ந்தால் அதிர்வு அடங்காமல் போவதோடு சில்லின் நிற்கும் கோணமும் மாறிவிடும். இடது வளைவில் பாரம் வலப்பக்கத்தில்தான் விழும் என்பதால், ஒழுகும் அந்த வலது ஷொக்கின் மீதுதான் எனக்குச் சந்தேகம்.

முதலில் கிங் பின்னை, அதாவது ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன் சில்லு எதைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தத் தண்டைப் பாருங்கள். முன் சில்லை ஜக்கில் உயர்த்தி, ஸ்ராண்டில் இறக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால் உடனே கிங் பின் என்று முடிவுகட்டாமல், உள்ளே ஒருவரை அமர்த்திப் பிறேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் அது சில்லு பெயாரிங், நிற்காவிட்டால் கிங் பின்னும் அதன் கீழ்ப் புஷ்ஷும். இந்தச் சின்ன வேலையைச் செய்யாததால் நல்ல கிங் பின்னை நான் ஒரு தடவை வீணாகக் கழற்றியிருக்கிறேன். கிரீஸ் அடிக்கும்போதும் சில்லைத் தரையிலிருந்து உயர்த்தியே அடியுங்கள், பாரம் இருக்கும் பக்கத்துக்குக் கிரீஸ் அப்போதுதான் போய்ச்சேரும்.

ஷொக்கின் மேல்மூடியைத் திறந்து ஒயில் மட்டத்தைப் பார்ப்பது பத்து நிமிட வேலை. மூடியைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் துடைத்துவிடுங்கள். உள்ளே ஒரு மணல் விழுந்தாலும் வால்வு கெட்டுவிடும். குறைந்திருந்தால் பிறேக் ஒயிலை ஊற்றிவிடாதீர்கள். மோட்டார் சைக்கிள் முன் ஃபோர்க்குக்குப் போடும் 20 தர ஒயில் பொருந்தும். கை அமைப்பையே கழற்ற நேர்ந்தால், கீழ்க்கரத்தின் ஸ்பிரிங் தட்டுக்குக் கீழே ஜக்கை வைக்காமல் மேல் போல்ட்டைத் தொட வேண்டாம். உங்கள் காரின் சுருள் ஸ்பிரிங் அழுத்தத்தோடு உட்கார்ந்திருக்கிறது, அது வெளியே பாய்ந்தால் ஆளைக் கொல்லும்.

பதில்: நுகேகொடை 75

என்னிடம் இருப்பது கறுப்பு ரப்பர் பம்பர் வந்த பிறகு செய்யப்பட்ட எம்ஜிபி என்பதால் என் அனுபவம் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தாது. 1974 இன் பிற்பகுதியில் அமெரிக்க பம்பர் சட்டத்துக்காகக் காரை ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் உயர்த்தினார்கள். அதே காலத்தில் வளைவில் கார் சாயாமல் தடுக்கும் முன்பக்க ஆன்டி ரோல் பாரையும் எடுத்துவிட்டார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அதைத் தடிப்பாக்கித் திருப்பிக் கொடுத்து, பின்னாலும் ஒன்றைச் சேர்த்தார்கள். இடைப்பட்ட காலத்துக் கார் எனக்கு வாய்த்தது, வளைவில் அது மாட்டுவண்டிபோலச் சாயும். ஆனால் இரு பக்கமும் ஒரே அளவாகச் சாயும். உங்களுடையது ஒரு பக்கம் மட்டும் என்பதால் அது வடிவமைப்பின் குறை அல்ல, எங்கோ ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது.

ரயரைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள், முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் காட்டும். நம்மைப் போன்றவர்களின் கார்களில் ரயர் தேய்வதில்லை, கொழும்பு வெயிலில் காய்ந்து மரக்கட்டையாகிறது. பூ இருக்கிறது என்பதற்காக அதை நம்ப முடியாது.

பதில்: ஸ்பேனரும் சோக்கும்

ஐயா சொன்ன கிங் பின் சோதனையையும் ஷொக் சோதனையையும் செய்யத்தான் வேண்டும். எனினும் இந்தக் காரின் பிரதான பிழை முன்பக்கத்தில் இல்லை என்றே நினைக்கிறேன். கேள்வியில் உள்ள மூன்று விடயங்கள் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன: பின் ஸ்பிரிங் மாற்றிய பிறகு ஸ்டியரிங் வலப்பக்கம் திரும்பியபடி ஓடியது, தாழ்வு முன்னால் 9 ஆகவும் பின்னால் 18 ஆகவும் இருப்பது, அக்சிலேற்றரை விட்ட கணத்தில் விலகுவது. ஷொக் பழுதானால் கார் மேடுபள்ளத்தில் ஆடும், வளைவில் சீக்கிரம் சாயும். அக்சிலேற்றரோடு அதற்கு இப்படியொரு தொடர்பு இராது.

காசு செலவில்லாத நான்கு காரியங்களைச் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

சமதரையில் காரை நிறுத்தி, முன் குறுக்குச் சட்டத்தின் சரிநடுவில் ஜக்கை வைத்து முன் சில்லுகள் தரையை விடும் அளவுக்கு மட்டும் உயர்த்திப் பின்னால் நின்று பாருங்கள். இப்போது கார் பின் ஸ்பிரிங்குகளின் சொற்படி மட்டுமே சாய்கிறது. பிறகு முன்னால் இறக்கிவிட்டு, பின் அச்சின் டிஃபரன்ஷியல் உருண்டைக்கு நடுவில் வைத்து உயர்த்துங்கள். இப்போது முன் ஸ்பிரிங்குகளின் சொற்படி சாயும். எந்த நிலையில் சாய்வு மறைகிறதோ, அப்போது ஜக் நிற்கும் முனையில்தான் பிழை. பார்த்தால் போதும், கீழே கையோ தலையோ போகக்கூடாது.

அடுத்து, ஆளில்லாத நேரான வீதியில் மணிக்கு 50 இல் போகும்போது அக்சிலேற்றரை ஒருமுறை நன்றாக அழுத்தி, ஒருமுறை முற்றாக விட்டு, ஸ்டியரிங்கைத் தளர்வாகப் பிடித்திருங்கள். நம் வீதிகள் இடது ஓரமாகச் சரிந்திருப்பதால் எந்தக் காரும் இலேசாக இடப்பக்கம் இழுக்கும். அதைப் பொருட்படுத்தாமல், அழுத்தும்போதும் விடும்போதும் மூக்கு திசை மாறுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். இதைச் சுற்றுவட்டத்தில் சோதிக்க வேண்டாம். லிப்டன் சுற்றுவட்டத்தை எத்தனை தடவை சுற்றினாலும் அது வலது வளைவுதான். நீண்ட இடது வளைவு கொழும்புக்குள் கிடைப்பது அரிது. இத்தனை நாளாக இந்தப் பிழை உங்களுக்குத் தெரியாமல் போனதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

மூன்றாவதாக, பட்டை ஸ்பிரிங்கின் முன்கண் (முன் முனையில் உள்ள வளையம்) போல்ட்டின் நடுவிலிருந்து தூக்குநூலைத் தொங்கவிட்டுத் தரையில் சோக்கினால் புள்ளி வையுங்கள். அதேபோலப் பின் சில்லின் நடுவிலிருந்தும் ஒரு புள்ளி. இரண்டுக்கும் இடையிலான தூரத்தை இரு பக்கமும் ஒப்பிடுங்கள். அளக்கும் முன் காரை மெதுவாக உருட்டிப் பிறேக் போட்டு நிறுத்துங்கள்.

நான்காவது, அலைன்மென்ட் செய்த இடத்தில் தந்த தாளை எடுத்து, பின் அச்சு நோக்கும் கோணம் எவ்வளவு என்று அதன் கீழ்ப்பகுதியில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் காரில் அலைன்மென்ட் என்ற பெயரில் திருத்தக்கூடியது முன் சில்லுகளின் உள்நோக்கம் (இரண்டும் உட்பக்கமாகத் திரும்பி நிற்கும் அளவு) ஒன்றுதான். அதனால் தாளின் மற்ற வரிகளை யாரும் படிப்பதில்லை.

வெள்ளவத்தைக் கடலோரம்

எல்லோருக்கும் நன்றி. சொன்னவற்றைச் செய்ய இரண்டு வார இறுதிகள் பிடித்தன.

கிங் பின்னில் ஆட்டம் இல்லை. ரயர்களின் இலக்கம் 1419, ஆறு ஏழு ஆண்டுப் பழசு, ஆனால் நான்கும் ஒரே நாளில் போட்டவை. முன்னால் உயர்த்தியபோது பின்பக்கச் சாய்வு அப்படியே இருந்தது. டிஃபரன்ஷியலுக்குக் கீழே உயர்த்தியபோது சாய்வு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மறைந்தது.

ஞாயிறு விடியற்காலையில் பத்தரமுல்லைப் பக்கம் பாராளுமன்ற வீதியில் ஓட்டிப் பார்த்தேன். அழுத்தினால் மூக்கு வலப்பக்கம் போகிறது, விட்டால் இடப்பக்கம் வருகிறது. இத்தனை நாளும் என் கைகளே அதைத் திருத்திக்கொண்டிருந்திருக்கின்றன, நான் கவனிக்கவில்லை. சோக்குப் புள்ளிகளின்படி வலப்பக்க அச்சு இடப்பக்கத்தை விட 6 மில்லிமீற்றர் பின்னால் நிற்கிறது. தாளின் கடைசி வரியில் பின் அச்சின் கோணம் 0.3 பாகை என்று சிவப்பு எழுத்தில் இருக்கிறது. சிவப்பு எழுத்தைக் கூட நான் பார்க்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஒன்றுதான் விளங்கவில்லை. வலப்பக்கம் அச்சு தளர்ந்திருக்கிறது என்றால், வலது வளைவில் ஏன் எதுவும் தெரியவில்லை?

ஸ்பேனரும் சோக்கும்

வலது வளைவிலும் அதே அளவு விலகியிருக்கிறது. அங்கே அது உங்களைப் பயமுறுத்தும் திசையில் விலகவில்லை, அவ்வளவுதான்.

எம்ஜிபியின் பின் அச்சைப் பிடித்திருப்பவை அந்த இரண்டு பட்டை ஸ்பிரிங்குகள் மட்டுமே. பாரத்தைத் தாங்குவதும் அவைதான், அச்சை முன்பின் நகராமல் நிறுத்துவதும் அவைதான். ஸ்பிரிங்கையும் அச்சையும் ஒன்றாக இறுக்குவது ஒவ்வொரு பக்கமும் உள்ள இரண்டு யூ போல்ட்டுகள். வலப்பக்க யூ போல்ட்டுகள் தளர்ந்திருந்தால், அக்சிலேற்றரை அழுத்தும்போது சில்லு அச்சின் வலது முனையை முன்னால் தள்ளுகிறது. விடும்போது எஞ்சினின் இழுவை அதைப் பின்னால் இழுக்கிறது. வலது முனை பின்னால் போனால் பின் சில்லுகள் இரண்டும் சேர்ந்து வலப்பக்கம் நோக்குகின்றன. காரின் பின்பகுதி வலப்பக்கம் போகிறது, மூக்கு இடப்பக்கம் வருகிறது. பாராளுமன்ற வீதியில் நீங்கள் கண்டது இதைத்தான்.

இப்போது இதை இடது வளைவில் வைத்துப் பாருங்கள். அங்கே வலப்பக்கம் என்பது வளைவின் வெளிப்புறம். காலை எடுத்ததும் பின்பகுதி வெளிப்புறம் தள்ளுகிறது, வளைவு திடீரென்று இறுகுகிறது, நெஞ்சு திக்கென்கிறது. வலது வளைவில் அதே அசைவு பின்பகுதியை உட்புறம் கொண்டுவருகிறது. கார் சற்று அகலமாக ஓடும், கை தானாக ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கூட்டும், அதை யாரும் பிழையென்று எண்ணமாட்டார்கள். இறக்கத்தில் கால் அடிக்கடி அக்சிலேற்றரை விடுவதால்தான் போகும்போது தெரியாதது வரும்போது தெரிந்தது.

ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையில் ரப்பர்த் தட்டுகள் இருக்கின்றன. புதிய ரப்பர் சில நூறு கிலோமீற்றர் ஓடியதும் அமுங்கும், அப்போது யூ போல்ட்டை மீண்டும் இறுக்க வேண்டும். அதைச் செய்தார்களா என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றே பதில் வரும். கழற்றும்போது ரப்பரைச் சுற்றிச் செந்துருத் தூளும், தட்டின் விளிம்பில் உராய்ந்து பளபளக்கும் கோடும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்பிரிங்கின் நடு போல்ட்டின் தலை தன் குழிக்குள் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டே மீண்டும் மூட்ட வேண்டும், அது உட்காராவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் அச்சு திரும்ப நகரும்.

சாய்வுக்கு வேறு காரணம் இருக்கலாம். முன்கண்ணில் உள்ள புஷ், உலோகத்தோடு ஒட்டிய ரப்பர். அச்சு காற்றில் தொங்கும்போது அந்தப் போல்ட்டை இறுக்கிவிட்டால், காரைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கேறி அந்தப் பக்கத்தை மேலே தூக்கிப் பிடிக்கும். உங்கள் காரில் வலப்பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறோம். இடப்பக்கம் உயர்ந்திருக்கிறது என்றும் அதையே சொல்லலாம் அல்லவா? இரு பக்க முன்கண் போல்ட்டையும் தளர்த்தி, காரைச் சில்லுகளின் மீது நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடையுள்ள ஒருவரை அமர்த்தி, மூலைகளை நாலைந்து தடவை அழுத்திவிட்டுப் பிறகு இறுக்குங்கள்.

கொட்டாஞ்சேனை மைனர்

நான் முன் ஷொக்கைச் சொன்னது அவசரம்தான். ஆயினும் அது ஒழுகுவது பொய்யல்ல என்பதால், தம்பி, அதையும் மறந்துவிடாதீர்கள். பின்பக்க ஷொக்கையும் அதே நாளில் பார்க்கலாம். அதன் கீழ் இணைப்பை மட்டும் கழற்றி, கையை மேலும் கீழும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். இரு திசையிலும் ஒரே சீராகத் தடுக்க வேண்டும், நடுவில் வெறுமையாக நழுவும் இடம் இருந்தால் ஒயில் குறைந்திருக்கிறது அல்லது வால்வு போய்விட்டது. ரப்பர்த் தட்டுகளைப் பஞ்சிகாவத்தையில் தேடும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள், வாயால் சொன்னால் வேறெதையாவது தருவார்கள்.

வெள்ளவத்தைக் கடலோரம்

நேற்று வேலை முடிந்தது. வலப்பக்க நான்கு நட்டுகளில் இரண்டு, ஸ்பேனரில் பலம் கொடுக்காமலே ஒரு முழுச் சுற்றுக்கு மேல் இறுகின. கழற்றிப் பார்த்தபோது மேல் ரப்பர்த் தட்டு நடுவில் பிளந்து, அதன் துண்டு நடு போல்ட்டின் குழிக்குள் சிக்கியிருந்தது. போல்ட்டின் தலை குழிக்குள் பாதிதான் இறங்கியிருந்திருக்கிறது. தட்டின் விளிம்பில் பெருவிரல் அகலத்துக்குக் கண்ணாடிபோல் மினுங்கும் தழும்பு. செந்துருத் தூள் என் கைகளிலிருந்து இன்னும் முற்றாகப் போகவில்லை.

தட்டுகளையும் நைலோன் நட்டுகளையும் புதிதாகப் போட்டேன். பழைய யூ போல்ட்டுகளின் புரி கெட்டிருக்கவில்லை என்றாலும் அவற்றையும் மாற்றிவிட்டேன். சோக்குப் புள்ளிகளின் வித்தியாசம் இப்போது ஒரு மில்லிமீற்றருக்குள் இருக்கிறது. இடப்பக்க முன்கண் போல்ட்டைத் தளர்த்தியபோது ரப்பர் முனகியபடி விட்டுக்கொடுத்தது, அந்தப் பக்கம் கண்ணெதிரே இறங்கியது. பின்பக்க வித்தியாசம் 18 இலிருந்து 7 மில்லிமீற்றராகக் குறைந்தது. எஞ்சிய 7 ஐப் பற்றி நான் கவலைப்படப் போவதில்லை, ஓட்டுநர் இருக்கை அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

பாராளுமன்ற வீதியில் அழுத்தியும் விட்டும் பார்த்தேன், மூக்கு அசையவில்லை. ஆனால் நேராக ஓடும்போது ஸ்டியரிங் இப்போது இடப்பக்கம் திரும்பி நிற்கிறது. கோணலாக நின்ற அச்சுக்கு ஏற்றபடி முன்பக்கத்தைக் கோணலாக்கித்தான் சென்ற ஆண்டு ஸ்டியரிங்கை நேராக்கியிருக்கிறார்கள் என்று விளங்குகிறது. சனிக்கிழமை மீண்டும் அலைன்மென்ட்டுக்குக் கொண்டுபோகிறேன், இம்முறை கடைசி வரியைப் படித்த பிறகே முன்பக்கத்தில் கைவைக்கச் சொல்வேன். முன் வலது ஷொக்கில் ஒயில் அரைவாசிதான் இருந்தது; நிரப்பியிருக்கிறேன். ஐயா சொன்னபடி மூடியைத் துடைத்துவிட்டுத்தான் திறந்தேன். 300 கிலோமீற்றர் ஓடியதும் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்கிவிட்டு, கினிகத்தேனை இறக்கத்தில் எப்படி ஓடுகிறது என்று எழுதுகிறேன். மனைவி அந்தப் பயணத்துக்கு வரமாட்டாராம்.